தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள்: மலையகத்தில் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு கற்க ஒரு வழி

ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கும், கொழும்புக்கு வேலைக்குப் போக நினைக்கும் தம்பிக்கும், பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடி வைக்கும் அக்காவுக்கும் இந்தக் கட்டுரை. "இங்கிலீஷ் வராது" என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் சொற்கள் போதாமைதான். கையில் சொல் இருந்தால் இலக்கணம் பிழைத்தாலும் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடலாம். சொல் இல்லாவிட்டால் வாயே திறக்காது.

சொல் சேர்க்க நாம் வழமையாகச் செய்வது என்ன? கொப்பியின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், நாளைக்கு இருபது சொல். பக்கங்கள் வேகமாக நிறையும். பரீட்சை முடிந்த கையோடு பாதி மறந்துபோகும். மறக்காத பாதியையும் வாக்கியத்தில் வைக்கத் தெரியாது. நாளைக்கு ஐந்து சொல் போதும் என்பேன். ஆனால் அந்த ஐந்தின் பொருள் என்ன, அவை எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் வராது என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்க இலகுவாக இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கொப்பியில் அப்படி எழுதாதீர்கள். முதுகும் 'பேக்', தோளில் மாட்டும் பையும் 'பேக்' என்று ஆகிவிடும். கொப்பியில் ஆங்கில எழுத்தே இருக்கட்டும்.

முதல் படி: வாயில் இருப்பதைப் பொறுக்குங்கள்

கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகும், தோட்டத்துக் கணக்குவழக்கு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அந்தச் சொற்கள் நம்முடைய பேச்சில் கலந்து நம்முடையவை ஆகிவிட்டன. காலையில் ஆள் கூட்டும் 'பிரட்டு' ஆங்கிலத்தின் 'பரேட்'. செக்ரோல், டிவிஷன், லயன், கிளாக்கர், சுப்பவைசர், டீமேக்கர் எல்லாம் அப்படித்தான். ஸ்டோருக்குள் போனால் வித்தரிங், ரோலிங், டிரையர், கிரேட், டஸ்ட் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத நம்முடைய பாட்டிமாருக்கும் இவை தெரியும்.

ஆகவே முதல் வாரம் புதுச்சொல் எதுவும் படிக்க வேண்டாம். வீட்டிலும் மலையிலும் பஸ்ஸிலும் டிஸ்பென்சரியிலும் காதில் விழும் ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள். ஐம்பது சேர்வது பெரிய விஷயமே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் சரியான எழுத்துக்கூட்டலை அகராதியில் பாருங்கள். அதோடு, தோட்டத்தில் நாம் கொடுக்கும் பொருள்தான் ஆங்கிலத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் முதல் வேலை கிடைக்கும். நமக்கு 'ஸ்டோர்' என்றால் தேயிலைத் தொழிற்சாலை. வெளியூர் ஆளுக்கு அது கடை, அல்லது பொருட்கள் வைக்கும் களஞ்சியம். தோட்டத்தில் 'கண்டக்டர்' மலையில் வேலை பார்க்கும் உத்தியோகத்தர், பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவர், விஞ்ஞானப் பாடத்தில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். எல்லாவற்றிலும் 'ஒன்றை வழிநடத்திக் கொண்டுபோவது' என்ற பொருள் ஓடுகிறது. மறுபக்கமும் உண்டு. "நான் தோட்டத்தில் இருக்கிறேன்" என்பதை 'கார்டன்' போட்டுச் சொன்னால், கேட்பவர் பூந்தோட்டத்தில் நிற்கிறீர்கள் என்று நினைப்பார். இலங்கையில் நமக்கு வேண்டிய சொல் 'எஸ்டேட்'.

இரண்டாம் படி: ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம்

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சொல், அது பெயரா வினையா, உங்கள் வீட்டுத் தமிழில் அதன் பொருள், அதோடு சேர்ந்து வரும் சொற்கள், கடைசியில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். அவ்வளவுதான். வீட்டுத் தமிழில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அகராதியில் 'கத்தரித்தல்' என்று போட்டிருந்தாலும், 'புரூன்' என்பதற்கு எதிரே 'கவ்வாத்து வெட்டுவது' என்று எழுதினால் கத்தியும் மலையும் கண்முன் வந்து நிற்கும். அந்தச் சொல் பிறகு எங்கே போகும்?

வாக்கியம் கட்டாயம் சொந்தமாக இருக்கட்டும். புத்தகத்து வாக்கியத்தைப் பார்த்து எழுதுவதில் கைக்குத்தான் வேலை. "அம்மா நாளைக்குப் பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பார்" என்பதை 'பிளக்' என்ற வினையைப் போட்டு நீங்களே ஆங்கிலத்தில் கட்டிப் பாருங்கள். பிழை வந்தால் வரட்டும். டீச்சரிடமோ தெரிந்த ஒருவரிடமோ காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: அகராதியின் முதல் வரியோடு நிற்காதீர்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து சொல்லைப் போட்டால் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நாமும் அதுதான் பொருள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றைத் தனித்தனியாக மனனம் செய்வது வீண் சுமை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மூலப்பொருளைத் தேடுங்கள்.

'ரோல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்டோரில் கொழுந்தை உருட்டிச் சுருட்டுவது ரோலிங். அது புரிகிறது. தோட்டத்து ஆட்களின் பெயர் பதியும் செக்ரோலில் இருக்கும் 'ரோல்' என்ன? பழைய காலத்தில் பெயர்ப் பட்டியல்களை நீளமான தோலில் எழுதிச் சுருட்டி வைத்தார்கள். அதனால் சுருளுக்கு இருந்த பெயரே பட்டியலுக்கும் வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிடுவது 'ரோல் கோல்', வாக்காளர் இடாப்பு 'இலக்டோரல் ரோல்'. உருட்டு, சுருள், பட்டியல் என்று மூன்றாகத் தெரிந்தது இப்போது ஒரே சொல்லாகிவிட்டது.

இன்னொன்று, நாம் தினமும் குடிப்பது. பிளேன்டீயில் இருக்கும் 'பிளேன்' என்ன பொருள்? பால் இல்லாதது, வேறு ஒன்றும் சேராதது. ஹோட்டன் சமவெளியை ஆங்கிலத்தில் 'ஹோர்ட்டன் பிளேன்ஸ்' என்கிறார்கள். அதுவும் இதே சொல்தான், எழுத்துக்கூட்டலும் அதேதான். மேடுபள்ளம் இல்லாத தட்டையான நிலம் என்பது மூலப்பொருள். தட்டையாக, மேலே எதுவும் இல்லாமல் இருப்பதால் 'வெறுமையான', 'அலங்காரம் இல்லாத'; மறைப்பு ஒன்றும் இல்லாததால் 'தெளிவான'. பூப்போடாத துணியும் பிளேன், சுற்றிவளைக்காமல் பேசும் ஆங்கிலமும் பிளேன். இனி எங்கே இந்தச் சொல் வந்தாலும் உங்களால் ஊகிக்க முடியும்.

எல்லாச் சொல்லையும் இப்படி ஒரு மூலத்தில் கட்டிவிட முடியாது. 'ஸ்டீப்' என்றால் செங்குத்தான சரிவு. தேயிலையைச் சுடுதண்ணீரில் ஊறவைப்பதும் 'ஸ்டீப்'. எழுத்து ஒன்றுதான், அகராதியில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். 'லீவ்ஸ்' என்பதும் அப்படி: 'லீஃப்' என்ற இலையின் பன்மையாகவும் இருக்கலாம், 'லீவ்' என்ற வினையிலிருந்து 'அவர் புறப்படுகிறார்' என்பதாகவும் இருக்கலாம். நமக்குத் தெரிந்த 'லீவு' என்ற விடுமுறையும் அந்த எழுத்துகளில்தான் வருகிறது. முன்னும் பின்னும் இருக்கும் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த அகராதி என்று கேட்பீர்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகளை ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எளிய சொற்களில் விளக்கம் இருக்கும், உதாரண வாக்கியம் இருக்கும், ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கினால் உச்சரிப்பும் கேட்கும். தொடக்கத்தில் ஆங்கில - தமிழ் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் உதாரண வாக்கியத்தை வாசிக்காமல் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதிக்கொண்டு போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

நான்காம் படி: கூட்டாளிச் சொற்கள்

நாம் 'மருந்து குடிக்கிறோம்'. அதை அப்படியே 'டிரிங்க்' போட்டு ஆங்கிலத்தில் சொல்கிறோம். அவர்கள் மருந்தை 'டேக்' செய்கிறார்கள், குளிசையானாலும் பாணியானாலும். ஆனால் கொழுந்து எடுப்பதற்கு 'டேக்' ஒத்துவராது, அங்கே 'பிளக்'தான். ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி வழமையான கூட்டாளி ஒன்று உண்டு. இதற்கு விதி தேட வேண்டாம், சோடியாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் தினமும் தேவைப்படும் சில சோடிகள்: பலத்த மழை 'ஹெவி ரெய்ன்', சாயம் கூடின தேத்தண்ணி 'ஸ்ட்ரோங் டீ', அடர்ந்த மூடுபனி 'திக் மிஸ்ட்', முடக்கு வளைவு 'ஷார்ப் பெண்ட்'. இவற்றை மாற்றிப் போட்டு 'ஹெவி டீ' என்றால் கேட்பவர் முழிப்பார். தமிழில் 'உயரம்' என்ற ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது: மலைக்கு 'ஹை', மரத்துக்கும் மனிதருக்கும் 'டோல்'. ஏறக்குறைய 1200 மீட்டருக்கு மேலே விளையும் நம்முடைய தேயிலையை 'ஹை க்ரோன்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது குழம்பாது.

ஐந்தாம் படி: குடும்பம் குடும்பமாக

ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் குடும்பத்தையும் சேர்த்துப் படித்தால் ஒன்றின் உழைப்பில் நான்கைந்து கிடைக்கும். இதற்கு சம்பளத் துண்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

'எம்ப்ளோய்' என்றால் வேலைக்கு அமர்த்து. 'எம்ப்ளோயர்' வேலை கொடுப்பவர். 'எம்ப்ளோயீ' வேலை செய்பவர். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், படிவம் நிரப்பும்போது முதலாளியின் இடத்தில் தங்கள் பெயரை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. 'அர்' என்று முடிந்தால் செய்பவர், 'ஈ' என்று முடிந்தால் அந்தச் செயலைப் பெறுபவர். பயிற்சி கொடுப்பவர் 'டிரெய்னர்', பெறுபவர் 'டிரெய்னீ'. பிற்காலத்தில் உங்கள் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்கள் நியமிக்கும் ஆள் 'நொமினீ'.

அடுத்து 'டிடக்ட்', பிடித்துக்கொள். அதன் பெயர்ச்சொல் 'டிடக்ஷன்', பிடித்தம். 'கொன்ட்ரிபியூட்' என்றால் பங்களிப்புச் செய், 'கொன்ட்ரிபியூஷன்' பங்களிப்பு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது. தொழில் கொடுப்பவர் அதற்கு மேலாக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் அவர் கையிலிருந்து வர வேண்டியது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. துண்டில் எந்த வரி 'டிடக்ஷன்', எந்த வரி 'கொன்ட்ரிபியூஷன்' என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அம்மாவுக்கு அவருடைய கணக்கை விளக்கிச் சொல்லும். பெயர்ச்சொல் வரும்போது 'ஷன்' என்று முடிவதைக் கவனித்துவிட்டால் இன்னும் எத்தனையோ சொற்கள் தானாகத் திறந்துகொள்ளும்.

கிட்டத்தட்ட ஒரே பொருள் உள்ள சொற்களை மட்டும் ஒன்றாகப் போட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று விடாதீர்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையில் மூன்று நிலைகள் இருக்கின்றன. மஞ்சளுக்கு 'வோட்ச்': சுற்றுப்புறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். செம்மஞ்சளுக்கு 'அலேர்ட்': எந்த நேரமும் கிளம்ப ஆயத்தமாக இருங்கள். சிவப்புக்கு 'இவாக்குவேட்': உடனே வெளியேறுங்கள். மூன்றையும் 'எச்சரிக்கை' என்று ஒரே தமிழ்ச்சொல்லில் எழுதி வைத்தால் அந்தப் படிப்பால் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொற்களை இப்படி மெலிதிலிருந்து கடுமைக்கு ஏறும் வரிசையில் எழுதுங்கள்.

ஆறாம் படி: மறப்பதற்கு முன் கேளுங்கள்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த உடனேதான் மறதி மிக வேகமாக நடக்கிறது, பிறகு அது மெதுவாகிறது. ஆகவே மறுநாளே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, ஒரு மாதம் கழித்துப் பத்துமுறை பார்ப்பதைவிட மேல். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதை ஒரு பெட்டி முறையாக்கினார். அதை நாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் செய்துகொள்ளலாம்.

கலண்டர் மட்டையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளும் உங்கள் வாக்கியமும். டின்னை ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். புது அட்டைகள் எல்லாம் முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். இரண்டாவது அறையை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவதை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பிழைத்தால் அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். போனில் செய்ய விரும்பினால் 'ஆன்கி' என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது, அன்ட்ரொயிட் போனில் இலவசம்.

முக்கியமானது இது: அட்டையைத் திருப்புவதற்கு முன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்துப் பார்த்து வாசித்தால் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். மூளை தேடி எடுக்கும்போதுதான் சொல் பதிகிறது. தங்கச்சியிடம் அட்டைகளைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

எந்தச் சொற்கள் முதலில்?

அபூர்வமான பெரிய சொற்களில் மயங்காதீர்கள். டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் மிக அதிகமாகப் புழங்கும் சுமார் 2000 ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டார். சாதாரண எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இவையே நிரப்பிவிடுகின்றன. கற்போர் அகராதிகளில் இப்படிப்பட்ட சொற்களுக்குச் சாவிப் படமோ சிவப்பு நிறமோ போட்டிருப்பார்கள். புதிய சொல் ஒன்றைச் சந்தித்தால் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொப்பியில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால், உங்கள் வேலைக்கோ பாடத்துக்கோ வேண்டியதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், மற்றதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஏழாம் படி: இரண்டு மொழியிலும் ஒரே பக்கம்

இந்த நாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. மும்மொழிப் படிவங்களும் பலகைகளும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. வங்கிப் படிவம், மின்சார பில், பால்மா பைக்கற் எதை எடுத்தாலும் ஒரே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஆங்கில வரியை முதலில் வாசித்து, பொருளை ஊகித்து, அப்புறம் தமிழ் வரியைப் பாருங்கள். படிவங்களின் தமிழ் சில இடங்களில் விறைப்பாக இருக்கும், ஆனால் பொருளைச் சரிபார்க்கப் போதும்.

இதைவிடப் பெரிய புதையல் பாடசாலைப் புத்தகங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. தரம் 6 விஞ்ஞானப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே பாடங்கள், ஒரே படங்கள். ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசியுங்கள், புரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள், அகராதியைத் திறக்குமுன் தமிழ்ப் புத்தகத்தில் அதே பந்தியைப் பாருங்கள். பெரியவர்கள் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மனம் முழுவதும் சொல்லில் நிற்கும், அது பெரியவர்களுக்கு இருக்கும் அனுகூலம்.

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் கோடு விழுந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், ஒரு வகுப்பு இறங்குங்கள். இரண்டு மூன்று மட்டுமே விழுந்தால் ஒரு வகுப்பு ஏறுங்கள். டின்னின் ஐந்தாவது அறையில் நூறு அட்டைகள் சேர்ந்ததும் புதிய அட்டைகளின் பின்பக்கத்தில் தமிழை நிறுத்திவிட்டு, கற்போர் அகராதியின் ஆங்கில விளக்கத்தையே எழுதத் தொடங்குங்கள். விளக்கத்திலேயே தெரியாத சொல் இருந்தால் அதற்கும் ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள்.